மூன்றாம் ஓலைக்குப் போன சைக்கிள்

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஆராதனையின் நடுவில் கேட்பார்கள். கேட்டுவிட்டு ஒரு மூச்சு விடுகிற நேரம் நிற்பார்கள். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். இருமல்காரர்கள்கூட அந்த ஒரு மூச்சுக்கு இருமலை அடக்கிக்கொள்வார்கள், அதையும் தடை என்று எழுதிவிடுவார்களோ என்ற பயத்தில். மூன்று ஞாயிறும் இப்படிச் சத்தமில்லாமல் கழிந்துவிட்டால் அப்புறம் யார் என்ன சொன்னாலும் செல்லாது.

ஜெர்மன் சண்டை வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஓர் ஆடி மாதத்தில், எனக்கே ஓலை வாசித்தார்கள். அந்த விஷயம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர.

நான் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பெண்பள்ளியில் உபாத்தியாயினி. இருபது வயது. மூன்றாம் வகுப்பை என்னிடம் கொடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதமும் நான் தரையில் நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டுத் திரும்பினால், பிள்ளைகள் அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதுவரை என் முகத்தை அப்படி ஒருவரும் பார்த்ததில்லை. கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. அந்த விதியை எழுதியவர் ஒரு நாளாவது மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தால் எழுதியிருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவின் கடிதம் வந்தது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று கிடா. புளி இந்த வருஷம் சுமார். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. இப்படியே ஒரு பக்கம் போய், கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது: உனக்கு இரண்டு ஓலை வாசித்தாயிற்று, மூன்றாவது இந்த ஞாயிறு, ஆவணி பிறந்ததும் கல்யாணம், ரவிக்கை அளவு அனுப்பவும். நாங்கள் நாள் நட்சத்திரம் பார்க்காத சபை. ஆனாலும் ஆடியில் மட்டும் யாரும் தாலி கட்ட மாட்டார்கள். கேட்டால், காற்று பலம், பந்தல் நிற்காது என்பார்கள்.

மாப்பிள்ளை யாரென்றும் எழுதியிருந்தது. எங்கள் ஊர்ச் சபை மூப்பரின் மகன், கொழும்பில் கடை வைத்திருப்பவர். நியாயமாகச் சொன்னால் அவரிடம் குறை ஒன்றும் கிடையாது. குடிக்க மாட்டார், பாடுவார், நல்லவர் என்று கேள்வி. எனக்கு எல்லாமே கேள்விதான், எனக்கு விவரம் தெரியும் முன்பே கொழும்புக்குப் போன ஆளை நான் பார்த்ததே இல்லை.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. எங்கள் ஊருக்குக் குருவானவர் மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிறெல்லாம் ஆராதனை நடத்துவது ஊர் உபதேசியார். அந்த உபதேசியார் என் அப்பா. ஆகவே என் ஓலையை இரண்டு வாரமாக வாசித்தவர் அவர். தடை உண்டா என்று கேட்டவரும் அவர். மேடையில் நின்றால் அப்பாவின் குரல் அடுத்த ஊருக்குக் கேட்கும். மேடையை விட்டு இறங்கி மூப்பர் முன்னால் நின்றால் பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்காது. மூப்பர் பெண் கேட்டபோது அப்பா எந்தக் குரலில் பதில் சொல்லியிருப்பார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தபால் போட்டால் எங்கள் ஊருக்குப் புதன்கிழமை போய்ச் சேரும். மாட்டுவண்டி பிடித்தால், பாதையெல்லாம் மணல் என்று வண்டிக்காரன் நாசரேத்தோடு நிறுத்திவிடுவான், அதுவும் ஞாயிறு மத்தியானம். ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் அந்தக் கோயிலுக்குள் நின்று வாய் திறக்காவிட்டால் என் மூன்றாம் வகுப்பு போயிற்று. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று, பள்ளி மிஸ்ஸியம்மாளின் சைக்கிளை எடுத்தேன்.

மிஸ்ஸியம்மாள் என்பது எங்கள் தலைமை ஆசிரியை, இங்கிலீஷ்காரி. ஆடிச் சாரலுக்குக் குற்றாலம் போயிருந்தாள். சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்திருந்தாள். அதில் ஏறி ஓட்டச் சொல்லவில்லை. ஓட்டக்கூடாது என்றும் சொல்லவில்லை. நான் அதைப் பள்ளி வளவுக்குள் வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி ஒரு மாதமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். வலது பக்கம் திரும்பத் தெரியும். இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இறங்கி, வண்டியைத் திருப்பி வைத்து, மறுபடி ஏறுவேன்.

சனிக்கிழமை விடிகிற நேரத்தில் புறப்பட்டேன். வெள்ளைச் சேலையின் கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருந்தேன். கையில் ஒரு பொட்டலம் அவல். ஆடிக் காற்று மேற்கிலிருந்து முதுகைத் தள்ளியது. கப்பி ரோட்டில் நான் மிதித்தது பாதி, காற்று தள்ளியது பாதி. முந்தானை ஆளுக்கு முன்னால் பறந்துகொண்டிருந்தது. எதிரில் வந்த வண்டி மாடுகள் என்னைப் பார்த்து வயலுக்குள் இறங்கின. வண்டிக்காரர்கள் மாட்டைத் திட்டாமல் என்னைத் திட்டினார்கள். நானும் சும்மா வரவில்லை, ஆனால் திரும்பிப் பார்த்துத் திட்டினால் விழுந்துவிடுவேன் என்பதால் நேராகப் பார்த்தபடியே திட்டினேன்.

செய்துங்கநல்லூரில் தண்ணீர் குடிக்க இறங்கினேன். கடை வைத்திருந்த வயதான சாயபு ஒருவர் செம்பை நீட்டிவிட்டு, சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரும் தவறிட்டாவளா தாயி? இம்புட்டு வேகமா வாரியே."

"சாவு இல்ல அண்ணாச்சி. எனக்குக் கல்யாணம்."

அவர் சற்று யோசித்தார். "அப்போ பைய போ" என்றார்.

நான் சிரித்ததில் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் அவர் இரண்டு வாழைப்பழம் கொடுத்து, வேகமாகவே போகச் சொல்லி அனுப்பினார். எங்கள் ஊரில் உள்ள மொத்தச் சபையும் சேர்ந்து என்னிடம் கேட்காத கேள்வியை அவர்தான் கேட்டார்: உனக்குப் பிடிக்கலையா, பிள்ள?

கருங்குளம் தாண்டும்வரை ஆறும் வயலுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆழ்வார்திருநகரியில் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்த ஓர் ஐயங்கார் செம்பைக் கீழே வைத்துவிட்டு, நான் தெருமுனை தாண்டும்வரை பார்த்தார். இடது பக்கம் திரும்ப வேண்டியிருந்ததால் அவருக்கு முன்னாலேயே இறங்கி, வண்டியைத் தூக்கித் திருப்பி வைத்து ஏறினேன். ஒரு கும்பிடும் போட்டேன். அவர் பதிலுக்குக் கும்பிட்டாரா, கண்ணைப் பொத்தினாரா என்று பார்க்க முடியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நாசரேத்துக்குத் தெற்கே, தேரி ஆரம்பிக்கிற இடத்தில், என்னோடு படித்த ஒருத்தியின் வீட்டில் தங்கினேன். அவள் மாமியார் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, ஞாயிறாகிய ஓய்வுநாளில் பிரயாணம் செய்கிறவர்கள் எங்கே போவார்கள் என்று விவரமாகச் சொன்னாள். எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியும், நான் எங்கள் ஊருக்குப் போக வேண்டும் என்றேன். மறுநாள் வீடு எழுந்திருக்கும் முன் கிளம்பிவிட்டேன்.

தேரியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது குங்குமத்தைக் கொட்டி வைத்தது போன்ற சிவப்பு மணல், எட்டு மைல். ஊர் கிடையாது, கிணறு கிடையாது, ரோடு கிடையாது. நேற்று இருந்த பாதையைக் காற்று இன்றைக்கு மூடியிருக்கும். அங்கங்கே உடைமுள், அங்கங்கே பனை. சில பனைகள் கழுத்துவரை மணலில் புதைந்து ஓலைக் கொண்டை மட்டும் வெளியே தெரியும், ஏறாமல் குனிந்தே பதனீருக்குப் பாளை சீவலாம் போல. சிறுபிள்ளையில் அந்த மணலில் புரண்டு வளர்ந்தவள்தான் நான். ஆனால் எங்கள் தேரியில் சக்கரம் உருளுமா என்ற ஒரு சங்கதியை யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை. படித்தவள் என்ற நினைப்பு.

முதல் மேட்டில் இருபது கெஜம் உருண்டது. அப்புறம் முன்சக்கரம் அச்சுவரை இறங்கி நின்றுவிட்டது. நான் மட்டும் நிற்காமல் போய் மணலில் விழுந்தேன். தள்ளிப் பார்த்தேன். தள்ளத் தள்ளப் புதைந்தது. இழுத்துப் பார்த்தேன். சங்கிலிக்குள் மணல் புகுந்து பல்லைக் கடித்தது. உடைமுள் குத்தி இரண்டு சக்கரத்திலும் காற்று போயிற்று, அதனால் ஒரு நஷ்டமும் இல்லை, காற்று இருந்தபோதும் அது ஓடவில்லை. விட்டுவிட்டுப் போகலாம் என்றால், அந்நியர் சொத்து, பத்தே நிமிஷத்தில் மணல் மூடிவிடும். கடைசியில் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். பாளையங்கோட்டையிலிருந்து என்னைச் சுமந்து வந்ததற்குக் கூலி கேட்டு ஏறிக்கொண்டதாக நினைத்துக்கொண்டேன்.

நடக்கும்போது சபையில் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். புறப்படும்போது என்னிடம் பன்னிரண்டு காரணங்கள் இருந்தன. எல்லாம் பிரசங்கம் மாதிரி தலைப்போடு தயாராக இருந்தன. பெண்கல்வி, மிஷன் எனக்குச் செய்த செலவு, கொழும்பின் தூரம், கடல் பிரயாணத்தின் ஆபத்து. இரண்டாவது மேட்டில் கொழும்பும் கடலும் கழன்றுவிட்டன. மிதிகட்டை விலா எலும்பில் இடித்த இடிக்கு ஒரு காரணம் வீதம் உதிர்ந்துகொண்டே போனது. மூன்றாவது மேட்டில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதேன். ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்பதால் நன்றாகவே அழுதேன். அழுதபடியே அவல் தின்றேன். அவலிலும் மணல்.

அதற்கப்பால் ஓர் ஐயனார் கோயிலும் அதை ஒட்டி ஒரு சுனையும் உண்டு. அந்தச் சுனையில் நாங்கள் குடிக்கக்கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்திருந்தார்கள். அன்றைக்கு இரண்டு கை அள்ளிக் குடித்தேன், முகத்தையும் கழுவினேன். மூன்று தலைமுறைக் கிறிஸ்தவத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் நன்றாக இருந்தது.

சுனையைத் தாண்டியதும் வழி தவறிவிட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே சிவப்பு. அப்போது தலைக்கு மேலிருந்து யாரோ, யாரு அங்கன என்று கேட்டார்கள். நிமிர்ந்தால் பனை உச்சியில் ஒரு பனையேறி. எங்கள் ஊர்க்காரர்தான். உபதேசியார் மகள் இரும்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தேரியில் நிற்பதை அவர் பனையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிறிது நேரம் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, பனையோலைப் பட்டையில் பதனீர் ஊற்றிக் கொடுத்தார். பருவம் முடிகிற சமயத்துப் பதனீர், அத்தனை இனிப்பு இல்லை. நான் மூன்று பட்டை குடித்தேன். முதல் மணி அடித்தாயிற்று, வேகமாக நட என்று திசை காட்டிவிட்டு, குளித்துக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று அவர் ஓட்டமாகப் போய்விட்டார். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்கத்தான் செய்தார். நான்தான் வீம்புக்கு வேண்டாம் என்றேன். அந்த வீம்பை இன்றைக்கும் என் வலது தோள் சொல்லும்.

நான் போய்ச் சேர்ந்தபோது உள்ளே பாட்டு நடந்துகொண்டிருந்தது. பனையேறி முன்னாலேயே போய்ச் செய்தியைப் பரப்பியிருந்தார் என்பது வாசலில் நின்றதுமே தெரிந்தது. பாடுகிற வாய் மேடையைப் பார்த்திருந்தது, கண்ணெல்லாம் வாசலைப் பார்த்திருந்தது. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனேன். தலைமயிரிலிருந்து கால்நகம்வரை செம்மண். பெண்கள் பக்கம் பாயில் இருந்த அம்மா என்னைப் பார்த்தாள், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஆண்கள் பக்கம் முன்வரிசையில் மூப்பர். அவர் பக்கத்தில் கொழும்புக் கோட்டுப் போட்ட ஒருவர். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தார். அந்த நேரத்தில் அது ஓர் இடைஞ்சல்.

அப்பா என்னைப் பார்த்தார். கையில் ஓலை. குரல் கொஞ்சமும் மாறாமல் முழுதும் வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். வழக்கமாக ஒரு மூச்சுதான் நிற்பார். அன்றைக்கு நின்றுகொண்டே இருந்தார்.

"இருக்கு" என்றேன்.

ஒரு கிழவர் அத்தனை நேரம் அடக்கிவைத்த இருமலை விட்டார்.

தடை சொல்கிறவர் காரணமும் சொல்ல வேண்டும் என்றார் அப்பா, யாரோ அந்நியரிடம் சொல்வது போல. பன்னிரண்டில் எனக்கு மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"பொண்ணு நாந்தான். எனக்குச் சம்மதமில்ல. என்கிட்ட ஒருத்தரும் கேக்கல."

மூப்பர் எழுந்தார். கோபப்படவில்லை, அதுதான் அவர் சாமர்த்தியம். ஓய்வுநாளை மீறினவர்கள் ஒரு மாதம் பின்வரிசையில் வாய் பேசாமல் உட்கார வேண்டும் என்பது எங்கள் சபை ஒழுங்கு. இவள் ஞாயிற்றுக்கிழமை சக்கரம் உருட்டி வந்திருக்கிறாள், ஆகவே இவள் பேச்சைச் சபை எடுத்துக்கொள்ள முடியாது என்றார். சக்கரம் உருளவே இல்லை, சுமந்துதான் வந்தேன் என்று தோளைக் காட்டினேன். ஓய்வுநாளில் சுமை சுமப்பது அதைவிடக் குற்றம் என்றார். பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். எட்டு மைல் நடந்து வந்து, ஒழுங்கில் தோற்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

அப்பா ஓலையை மடித்தார்.

"மூப்பரே, இன்னைக்குக் காலையில உங்க விளையில பனை ஏறினாவளா?"

"ஏறாம? ஒரு நாள் சீவாட்டா பாளை காஞ்சிருமே."

இது எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுப் பேசாத வழக்கம். ஞாயிறும் பனை ஏறுவார்கள், இறங்கிக் குளித்துவிட்டுக் கோயிலுக்கு வருவார்கள். பாளை காத்திருக்காது என்பதால் அதை ஓய்வுநாள் மீறல் என்று யாரும் எழுதுவதில்லை. அங்கே உட்கார்ந்திருந்த ஆண்களில் பாதிப் பேர் அன்று காலையில் மரத்தில் இருந்தவர்கள்.

"இவளுக்கும் இன்னைக்கு ஒரு நாள்தான் மூப்பரே. நாளைக்கு வந்து சொன்னா எடுத்துக்கிடுவியளா?"

அப்பா மூப்பரிடம் இந்தக் குரலில் பேசி ஊர் கேட்டதில்லை. மேடையில் நின்றுகொண்டிருந்ததனால் வந்த குரலா என்று எனக்குத் தெரியாது. மூப்பர் உட்கார்ந்தார். தடை எழுதிக்கொள்ளப்பட்டது, ஓலை இதோடு நின்றது என்று சொல்லிவிட்டு அப்பா அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். அந்தப் பாட்டை எங்கள் சபை அத்தனை வேகமாகப் பாடி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் வெளியே போய்ப் பேச வேண்டியிருந்தது.

வீட்டில் அம்மா முதலில் சேலையைப் பற்றித் திட்டினாள். பிறகு ரவிக்கை அளவு ஏன் அனுப்பவில்லை என்று கேட்டுவிட்டு, தன் கேள்வி தனக்கே உறைத்து, அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். மறுநாள் சைக்கிளைச் சுமந்து நாசரேத்வரை நடந்து, வண்டி பிடித்துப் பாளையங்கோட்டை திரும்பினேன். குற்றாலத்திலிருந்து வந்துவிட்டிருந்த மிஸ்ஸியம்மாளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் சைக்கிளைத் தலைகீழாகத் தூக்கி ஆட்டினாள், தேரி கொட்டியது. துடைத்து எண்ணெய் போடு என்றாள். புதன்கிழமை மூன்றாம் வகுப்பில் பெருக்கல் சொல்லிக் கொடுத்தேன். ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. இரண்டு மாதம் அந்த மிதப்பிலேயே இருந்தேன்.

ஐப்பசியில் அம்மாவின் கடிதம் வந்தது. கிடாவை விற்றாயிற்று, மழை இல்லை, அப்பாவை மாற்றிவிட்டார்கள். மூப்பர் மேலே எழுதிய மனுவின் பேரில் வந்த மாற்றம். பத்தொன்பது வருஷம் இருந்த ஊரை விட்டு, கடலோரத்தில் ஏழு குடும்பத்துக்கு ஓர் ஓலைக் கோயில். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பள்ளிக்கூடம் எனக்கு மிஞ்சியது, ஊரில் கோயிலோடு சேர்த்து அவர் கட்டி வளர்த்த பள்ளிக்கூடம் அவரை விட்டுப் போயிற்று. தேரியைத் தாண்டும்போது நான் வைத்த பந்தயப்பொருள் என்னுடையது என்றுதான் நினைத்திருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு அங்கே போனேன். கோயில் வாசலில் ஏறியிருந்த மணலை அப்பா மரப்பலகையால் தள்ளிக்கொண்டிருந்தார். நானும் ஒரு பலகையை எடுத்துக்கொண்டு தள்ளினேன். என்னால்தானே அப்பா இதெல்லாம், வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"வருத்தந்தான். ரெண்டு வாரம் வாசிச்சேனே" என்றார். "மொத வாரமே நாந்தான் சொல்லியிருக்கணும், இருக்குன்னு."

நான் மறுபடி பலகையைத் தள்ளினேன். இருவரும் இருட்டுமுன் வாசலைச் சுத்தம் செய்து முடித்தோம்.